ஸ்க்ரீன்ல 30,000, பில்லுல 60,000: சிட்டி ட்ரிப்புக்கு லக்ஷுரி ஹோட்டல் எப்படித் தேர்ந்தெடுப்பது?



வேலைக்குப் போய் ரெண்டு மூணு வருஷம் ஆனதும் நம்மில் பலருக்கும் ஒரு ஆசை வரும். ஒரு தடவையாவது நல்ல அஞ்சு நட்சத்திர ஹோட்டல்ல தங்கணும். அதுவும் அப்பா அம்மாவைக் கூட்டிட்டுப் போய் தங்க வைக்கணும். இந்த ஆசையில் எந்தத் தப்பும் இல்லை. ‘அதெல்லாம் வீண் செலவு, அந்தப் பணத்தை எஸ்ஐபி-யில போடு’ன்னு நான் சொல்லப் போறதும் இல்லை. ஆனா இந்த ஒரு ட்ரிப் முடிஞ்சதும் ஆறு மாசம் கிரெடிட் கார்டு பில் கட்டிட்டு இருக்கக் கூடாது. அதுக்கு ஹோட்டலை எப்படித் தேர்ந்தெடுக்கணும்னு இந்தப் பதிவில் கணக்கோட பார்க்கலாம்.

ஊர் இல்லாமல் பேசினால் எதுவும் புரியாது. அதனால மும்பையை எடுத்துக்குவோம். ஆள் கணக்கும் வச்சுக்குவோம்: நீங்க, அப்பா, அம்மா, மொத்தம் 3 பேர். கையில் வரும் சம்பளம் மாதம் 50,000 ரூபாய். மும்பையில் 2 இரவு. அப்பா அம்மாவுக்கு இதுதான் முதல் விமானப் பயணம். கீழே வரும் ரூம் விலைகள் எல்லாம் கணக்குக்காக நான் எடுத்துக்கிட்ட உதாரணங்கள். வரி விகிதங்கள் மட்டும் நிஜமானவை.

1. எதுக்குக் காசு கொடுக்கறீங்க?

லக்ஷுரி ஹோட்டல்னு ஒரே வார்த்தையில சொல்லிடறோம். அதுக்குள்ள நாலஞ்சு தனித்தனிப் பொருள் இருக்கு: கட்டிடத்தோட அழகும் வரலாறும், ஜன்னல்ல தெரியற காட்சி, மெத்தையும் அமைதியும், நீச்சல் குளம் மாதிரி வசதிகள், சாப்பாடு, கடைசியா நம்மைக் கவனிச்சுக்கற விதம். இதுல உங்களுக்கு எது வேணும்னு முதல்ல பிரிச்சுப் பாருங்க. ஏன்னா இதுல சிலதை ரூம் எடுக்காமலே அனுபவிக்கலாம்.

மும்பை தாஜ்மஹால் பேலஸையே எடுத்துக்கோங்க. 1903-ல் திறந்த ஹோட்டல். எதிர்ல இருக்கற கேட்வே ஆஃப் இந்தியா திறக்கப்பட்டதே 1924-லதான். அந்தக் கட்டிடத்துக்குள்ள உட்காரணும், கடலைப் பார்க்கணும்ங்கறதுதான் ஆசைன்னா, அங்கே இருக்கற ‘சீ லவுஞ்ச்’ல முன்பதிவு பண்ணிட்டு ஒரு சாயந்திரம் டீ குடிச்சுட்டு வரலாம். அதுவும் சீப் இல்லைதான். ஆனா ஒரு இரவு வாடகைக்கு முன்னாடி அது சின்னத் தொகை. மரைன் டிரைவ்ல ராத்திரி விளக்கு வரிசையைப் பார்க்கறதுக்கோ காசே வேண்டாம்.

இன்னொரு கணக்கும் போடுங்க. பெரும்பாலான ஹோட்டல்களில் செக்-இன் மதியம் 2 அல்லது 3 மணி, செக்-அவுட் காலை 11 அல்லது 12 மணி. அதாவது ஒரு ‘நாள்’ வாடகைன்னா அதிகபட்சம் 22 மணி நேரம். காலை 9 மணிக்கு ஊர் சுத்தக் கிளம்பி ராத்திரி 9 மணிக்குத் திரும்பினால், தூக்கம் போக நீங்க முழிச்சு அந்த ஹோட்டலில் இருக்கறது 3, 4 மணி நேரம்தான். 3, 4 மணி நேரத்துக்கு நீச்சல் குளம், ஸ்பா, ஜிம், தோட்டம் எல்லாத்துக்கும் சேர்த்து வாடகை கொடுக்கறோம். ரிசார்ட்டுக்குப் போனால் அங்கேயே இருப்போம், அது வேற கணக்கு. சிட்டி ட்ரிப்ல பகல் முழுக்க வெளியே இருப்போம். இந்த ஒரு வித்தியாசம் புரிஞ்சாலே பாதி முடிவு எடுத்த மாதிரி.

2. ஏரியாதான் முதல் வசதி

மும்பை நீளவாக்கில் இருக்கற ஊர். விமான நிலையம் அந்தேரி பக்கம். கேட்வே, சிஎஸ்எம்டி, மரைன் டிரைவ் எல்லாம் தெற்கு முனையில், சுமார் 25 கிலோமீட்டர் தள்ளி. ஏர்போர்ட் பக்கத்திலும் அருமையான அஞ்சு நட்சத்திர ஹோட்டல்கள் இருக்கு, ஜூஹு கடற்கரையிலும் இருக்கு. ‘அதே வசதி, விலை கம்மி’ன்னு அங்கே புக் பண்ணிட்டு, தினமும் தெற்கு மும்பைக்குப் போய் வந்தால், மிச்சம் பிடிச்ச காசு டாக்ஸியில போயிடும். காசை விடுங்க, முட்டி வலி இருக்கற அப்பா டிராஃபிக்ல ஒன்றரை மணி நேரம் உட்காரணும்.

எங்கெங்கே போகப் போறீங்கன்னு முதல்ல எழுதுங்க. கேட்வேயிலிருந்து படகில் போற எலிஃபெண்டா குகைகள் (திங்கட்கிழமை விடுமுறை, அதைக் கவனிங்க), சிஎஸ்எம்டி கட்டிடம், மரைன் டிரைவ், கொலாபா கடைவீதி. இதெல்லாம் தெற்கிலேயே இருக்கறதால கொலாபா, ஃபோர்ட், சர்ச்கேட், நரிமன் பாயின்ட் ஏரியாதான் சரி.

இப்ப ஒரு நல்ல விஷயம், மெட்ரோ 3-ஆம் வழித்தடம் 2025 அக்டோபரில் கஃப் பரேட் வரை முழுசாகத் திறந்தாச்சு. ஏர்போர்ட்டின் ரெண்டு டெர்மினல்களிலும் நிலையம் இருக்கு. அங்கிருந்து சிஎஸ்எம்டி, சர்ச்கேட் வரைக்கும் நேரா வரலாம். பெட்டி கம்மியா இருந்தால் ஹோட்டல் காருக்கு ஆயிரக்கணக்கில் கொடுக்க வேண்டியதே இல்லை.

3. 7,500 ரூபாய்க் கோடு

இதுதான் இந்தப் பதிவிலேயே முக்கியமான பகுதி. 2025 செப்டம்பர் 22 முதல், ஒரு நாள் ரூம் கட்டணம் 7,500 ரூபாய் வரைக்கும் இருந்தால் ஜிஎஸ்டி 5%. அதுக்கு முன்னாடி 12% இருந்தது. ஆனா 7,500-ஐத் தாண்டினால் 18%. தாண்டின தொகைக்கு மட்டும் இல்லை, முழுத் தொகைக்கும்.

கணக்கைப் பாருங்க:

- ரூம் 7,400 ரூபாய்: ஜிஎஸ்டி சேர்த்து 7,770
- ரூம் 7,600 ரூபாய்: ஜிஎஸ்டி சேர்த்து 8,968

விலையில் வித்தியாசம் 200 ரூபாய். கையிலிருந்து போறதில் வித்தியாசம் 1,198 ரூபாய்! அதனால 7,500-லிருந்து 8,500 வரைக்கும் இருக்கற ரூம் பார்த்தால் ரெண்டு தடவை யோசிங்க. ஒண்ணு கோட்டுக்குக் கீழே வாங்க, இல்லைன்னா நல்லாவே மேலே போய் அந்த 18%-க்குத் தகுந்த ரூமா எடுங்க. நடுவுல நிக்கறதுதான் நஷ்டம்.

கவனிக்க வேண்டியது இன்னும் மூணு:

முதலாவது, ஹோட்டல் போர்டில் போட்டிருக்கற விலை முக்கியமில்லை, உங்களிடம் உண்மையில் வாங்கும் விலைக்குத்தான் வரி. 9,000 ரூபாய் ரூமை ஹோட்டலே தள்ளுபடி செய்து 7,400-க்குக் கொடுத்தால் 5%தான்.

ரெண்டாவது, எக்ஸ்ட்ரா பெட் கட்டணமும் ரூமோட சேரும். காலை உணவும் ஒரே பேக்கேஜ் விலையா வந்தால் அதுவும் சேரும். 7,000 ரூபாய் ரூம், 1,000 ரூபாய் டிஃபனோட சேர்ந்து 8,000 ஆனால், கோட்டைத் தாண்டியாச்சு.

மூணாவது, பலருக்கும் தெரியாதது. முந்தின நிதியாண்டில் ஒரு ரூமையாவது 7,500-க்கு மேல் வாடகைக்கு விட்ட ஹோட்டலுக்குள்ள இருக்கற ரெஸ்டாரன்டில் சாப்பாட்டுக்கும் 18% ஜிஎஸ்டி. வெளியே தெருவில் இருக்கற ரெஸ்டாரன்டில் 5%. அதே 6,000 ரூபாய் சாப்பாடு உள்ளே 7,080, வெளியே 6,300. நிஜத்தில் உள்ளே மெனு விலையே அதிகமா இருக்கும், அது தனி.

சர்வீஸ் சார்ஜ்னு ஒரு வரி பில்லில் இருந்தால் அது அரசாங்க வரி கிடையாது. அதைத் தானாகப் பில்லில் சேர்க்கக் கூடாதுன்னு நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022-ல் வழிகாட்டுதல் கொடுத்தது. டெல்லி உயர்நீதிமன்றமும் 2025 மார்ச்சில் அதை உறுதி செய்தது. ‘இதை எடுத்துடுங்க’ன்னு மரியாதையா கேட்கலாம். எடுக்க மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

4. ரூம் பெயரில் இருக்கற சின்ன எழுத்து

ஒரே ஹோட்டலில் ஒரே மாதிரி ரூம் கிடையாது. தாஜ்மஹால் பேலஸிலேயே பழைய பேலஸ் பகுதி வேற, பக்கத்தில் 1970-களில் வந்த டவர் பகுதி வேற. போட்டோவில் பார்த்த குவிமாடமும் படிக்கட்டும் மனசுல இருக்க, கம்மி விலைன்னு டவர் ரூமைப் புக் பண்ணிட்டு, ‘நாம பார்த்தது இது இல்லையே’ன்னு வருத்தப்படறவங்க உண்டு. டவர் ரூம் மோசம்னு சொல்லலை. எதை வாங்கறோம்னு தெரிஞ்சு வாங்கணும்.

‘சிட்டி வியூ’ன்னா கடல் தெரியாது. ‘பார்ஷியல் சீ வியூ’ன்னா ஓரமா நின்னு எட்டிப் பார்த்தால் தெரியலாம். ரூம் அளவு எத்தனை சதுர அடின்னு பாருங்க. 3 பேர்னா எக்ஸ்ட்ரா பெட் போட்ட பிறகு நடக்க இடம் வேணும். குளிக்கற இடத்தில் பாத்டப் ஏறி இறங்கணுமா, நேரா நடந்து போற ஷவரா? வயசானவங்களோட போறவங்க கேட்க வேண்டிய முதல் கேள்வியே இதுதான். போன் போட்டுக் கேளுங்க, சொல்லுவாங்க.

நட்சத்திரம் பத்தியும் ஒரு வார்த்தை. இந்தியாவில் சுற்றுலா அமைச்சகம் ஹோட்டல்களுக்கு நட்சத்திர வகைப்பாடு கொடுக்குது. அது 5 வருஷத்துக்குச் செல்லும், அதுக்கு விண்ணப்பிக்கறது ஹோட்டலோட விருப்பம். புக்கிங் ஆப்பில் தெரியற நட்சத்திரம் எப்பவும் அதுவாகவே இருக்கணும்னு இல்லை. அதனால நட்சத்திரத்தை எண்ணாதீங்க, கடந்த மூணு மாசத்து விமர்சனங்களைப் படிங்க. ‘சத்தம்’, ‘லிஃப்ட்’, ‘வேலை நடக்குது’ங்கற வார்த்தைகளைத் தேடிப் படிங்க.

அடுத்தது சாப்பாட்டுத் திட்டம். இபி-ன்னா ரூம் மட்டும். சிபி-ன்னா காலை டிஃபனோட. எம்ஏபி-ன்னா டிஃபனும் ஒரு வேளைச் சாப்பாடும். ஏபி-ன்னா மூணு வேளையும். சிட்டி ட்ரிப்புக்கு ஏபி வேண்டாம், மதியம் எங்கே இருப்போம்னே தெரியாது.

ஆனா அப்பா அம்மாவோட போனால் சிபி எடுங்க. காரணம் காசு மட்டும் இல்லை. ஒரு இட்லி ப்ளேட் விலையை மெனுவில் பார்த்துட்டா அம்மா ‘எனக்குப் பசிக்கலைப்பா’ன்னு சொல்லிடுவாங்க. அப்பா ஒரு காபியோட நிறுத்திக்குவாங்க. ‘எல்லாம் முன்னாடியே கட்டியாச்சும்மா, சாப்பிடலைன்னாலும் காசு திரும்ப வராது’ன்னு சொல்லிப் பாருங்க, நிம்மதியா உட்கார்ந்து சாப்பிடுவாங்க. முன்கூட்டியே கட்டின காசு கண்ணுக்குத் தெரியாது. அந்த நிம்மதிக்கும் ஒரு விலை உண்டு, இந்த ட்ரிப்பில் அது கொடுக்கத் தகுந்த விலை.

5. ரெண்டு வழி, ஒரே ட்ரிப்

இப்ப எல்லாத்தையும் சேர்த்துக் கணக்குப் போடலாம்.

வழி 1: 2 இரவும் லக்ஷுரி ஹோட்டல். ஆப்பில் தெரிஞ்ச விலை ஒரு இரவுக்கு 15,000. அதாவது உங்க மனசுல பதிஞ்சது 30,000 ரூபாய்.

- ரூம் 15,000 + எக்ஸ்ட்ரா பெட் 3,000 = 18,000. 18% ஜிஎஸ்டியோட 21,240. ரெண்டு இரவுக்கு 42,480
- காலை உணவு தனியா, ஆளுக்கு 1,500. மூணு பேர், ரெண்டு நாள் 9,000. ஜிஎஸ்டியோட 10,620
- ஒரு ராத்திரி ஹோட்டலிலேயே சாப்பாடு 6,000. ஜிஎஸ்டியோட 7,080
- இன்னொரு ராத்திரி வெளியே 1,500
- மொத்தம் 61,680

ஸ்க்ரீன்ல பார்த்த 30,000, பில்லில் ரெண்டு மடங்குக்கு மேல் ஆயிடுச்சு. யாரும் ஏமாத்தலை. எல்லாமே எழுதித்தான் இருந்தது, நாமதான் கூட்டிப் பார்க்கலை.

வழி 2: முதல் இரவு ஃபோர்ட் பக்கம் சுத்தமான ஒரு நடுத்தர ஹோட்டல். ரெண்டாவது இரவு லக்ஷுரி.

- முதல் இரவு ரூம் 6,000 + எக்ஸ்ட்ரா பெட் 1,000 = 7,000. 5% ஜிஎஸ்டியோட 7,350
- மறுநாள் காலை டிஃபன் வெளியே 600
- ரெண்டாவது இரவு 18,000 + காலை உணவுப் பேக்கேஜ் 3,000 = 21,000. 18% ஜிஎஸ்டியோட 24,780
- ரெண்டு ராத்திரிச் சாப்பாடும் வெளியே 3,000
- மொத்தம் 35,730

வித்தியாசம் 25,950 ரூபாய். உங்க சம்பளத்தில் பாதி!

இதுல சூட்சுமம் வரிசையில் இருக்கு. முதல் நாள் ஊர் சுத்துங்க. அன்னைக்கு ராத்திரி எந்த மெத்தையில் படுத்தாலும் தூக்கம் வந்துடும். ரெண்டாவது நாள் மதியம் 2 மணிக்குச் சரியா செக்-இன் பண்ணுங்க. அதுக்கப்புறம் எந்த ஊர் சுத்தலும் வேண்டாம். அந்த 22 மணி நேரத்தையும் ஹோட்டலுக்கே கொடுங்க. ராத்திரி மட்டும் பக்கத்துல நடந்து போய் சாப்பிட்டுட்டு வாங்க. லக்ஷுரி கடைசி இரவா இருக்கறதில் இன்னொரு லாபம், வீட்டுக்குப் போனதும் அப்பா பக்கத்து வீட்டுக்காரரிடம் பேசப் போறது அதைப் பத்தித்தான். வரிசையை மாத்தி, லக்ஷுரி முதல்ல, சாதாரணம் அடுத்துன்னு வச்சுடாதீங்க.

இடையில் ஹோட்டல் மாறணுமேன்னு யோசிக்கலாம். ரெண்டும் ஒரே ஏரியான்னா பத்து நிமிஷ டாக்ஸி. ரூம் தயாராகலைன்னாலும் பெட்டியைக் காலையிலேயே ரெண்டாவது ஹோட்டலில் வச்சுட்டுப் போகலாம், பொதுவா வாங்கி வச்சுக்குவாங்க.

6. எந்த நாள், எந்த புக்கிங்?

ஆபீஸ்கள் நிறைஞ்ச நரிமன் பாயின்ட், பிகேசி, அந்தேரி மாதிரி இடங்களில் வார நாட்களில் கம்பெனி ஆட்கள் தங்குவாங்க. அதனால பொதுவா சனி, ஞாயிறு விலை இறங்கும். ஜூஹு மாதிரி கடற்கரை ஹோட்டலில் இது தலைகீழ். ஜூன் முதல் செப்டம்பர் வரை மும்பையில் மழைக்காலம், விலை குறையும். ஆனா எலிஃபெண்டா படகு அலையைப் பொறுத்து நிற்கலாம். பெரிய கச்சேரி, கண்காட்சி, மாநாடு இருக்கற வாரம்னா விலை எகிறும், தேதி போடும் முன்னாடி ஒரு தடவை தேடிப் பாருங்க.

‘திரும்பப் பெற முடியாத’ புக்கிங் கொஞ்சம் சீப்பா இருக்கும். லீவு உறுதியாகலைன்னா அதைத் தொடாதீங்க. வயசானவங்களோட போறப்ப இலவசமா ரத்து செய்யற வசதிக்கு ஆயிரம் ரெண்டாயிரம் கூடக் கொடுப்பது தப்பில்லை.

ஆப்பில் விலை பார்த்ததும் அதே தேதிக்கு ஹோட்டலோட சொந்த இணையதளத்திலும் பாருங்க. பெரிய குழுமங்களின் உறுப்பினர் திட்டத்தில் இலவசமா சேரலாம், உறுப்பினர் விலை சில நேரம் ஆப்பை விடக் கம்மியா இருக்கும். ஒப்பிடும்போது வரி சேர்த்த விலையோட வரி சேர்த்த விலையை ஒப்பிடுங்க.

இன்னொண்ணு, டெபாசிட். செக்-இன் பண்ணும்போது கூடுதல் செலவுக்குன்னு ஒரு தொகையைக் கார்டில் நிறுத்தி வைப்பாங்க. கிரெடிட் கார்டுன்னா லிமிட் மட்டும் குறையும், அப்புறம் விடுவிச்சுடுவாங்க. டெபிட் கார்டுன்னா உங்க கணக்குப் பணமே மாட்டிக்கும், திரும்ப வர சில நாள் ஆகலாம். ட்ரிப் பணம் முழுக்க அந்த ஒரு கணக்கில்தான் இருக்குன்னா திண்டாட்டம்தான்.

7. காசு எங்கிருந்து வரணும்?

வழி 2-க்கு 35,730. விமான டிக்கெட் ஆளுக்குப் போக வர 9,000-னு வச்சால் 27,000. உள்ளூர்ச் செலவு 5,000. மொத்தம் 67,730. மாதம் 5,650 ரூபாய் வீதம் 12 மாசம் ஒரு ஆர்டி-யில் போட்டால் 67,800. சம்பளத்தில் சுமார் 11%. கைக்கு அடங்கற தொகைதான். அவசர நிதியும் மருத்துவக் காப்பீடும் இல்லாமல் இதை ஆரம்பிக்காதீங்க, அதுவும் அப்பா அம்மா உங்களை நம்பி இருந்தால்.

‘நோ காஸ்ட் இஎம்ஐ இருக்கே’ன்னு கேட்பீங்க. வட்டியைத் தள்ளுபடியா கழிச்சாலும், அந்த வட்டிக்கு 18% ஜிஎஸ்டி உங்க தலையில்தான். பிராசசிங் கட்டணமும் உண்டு. கார்டு பில்லை முழுசா கட்டாமல் விட்டாலோ இன்னும் மோசம். 30,000 ரூபாய் பாக்கிக்கு மாதம் 3.5% வட்டின்னா 1,050, அதுக்கு ஜிஎஸ்டி 189, ஆக 1,239 ரூபாய். ஒரு மாசத்துக்கு! நீங்க எப்பவோ தூங்கி எழுந்த மெத்தைக்கு இன்னமும் வாடகை கட்டற மாதிரி.

கடைசியா எல்டிஏ. சம்பளத்தில் எல்டிஏ இருக்கறவங்க ‘ஹோட்டல் பில்லைக் கொடுத்து வரி மிச்சம் பண்ணலாம்’னு நினைக்கறாங்க. முடியாது. பயணக் கட்டணத்துக்கு மட்டும்தான் விலக்கு, தங்கறதுக்கும் சாப்பாட்டுக்கும் கிடையாது. அதுவும் பழைய வரி முறையில் இருந்தால்தான். உங்களைச் சார்ந்திருக்கற பெற்றோரின் டிக்கெட்டும் அதில் சேரும், அதனால விமான டிக்கெட்டையும் போர்டிங் பாஸையும் பத்திரமா வைங்க.

புக் பட்டனை அழுத்தும் முன்

1. இந்த ஹோட்டலில் முழிச்சு எத்தனை மணி நேரம் இருப்பேன்?
2. பார்க்கப் போற இடங்கள் பக்கத்தில் இருக்கா?
3. எக்ஸ்ட்ரா பெட், டிஃபன், ஜிஎஸ்டி எல்லாம் சேர்த்து மொத்தம் எவ்வளவு?
4. 7,500 கோட்டுக்கு எந்தப் பக்கம் இருக்கேன்?
5. ரூம் எந்தப் பகுதி, எந்தக் காட்சி, எப்படிப்பட்ட குளியலறை?
6. ரத்து செய்தால் எவ்வளவு திரும்ப வரும்?
7. பணம் ஏற்கனவே கையில் இருக்கா?

ஏழாவது கேள்விக்கு ‘இல்லை’ன்னா தேதியைத் தள்ளுங்க, ஆசையைத் தள்ள வேண்டாம். இன்னைக்கே ஆர்டி ஆரம்பிச்சால் அடுத்த வருஷம் இதே மாசம் கிளம்பலாம். போகும்போது பில்லைப் பத்தி அப்பா கேட்டால், ‘போன வருஷத்திலிருந்தே எடுத்து வச்சதுப்பா’ன்னு தைரியமா சொல்லலாம். அந்தப் பதிலைக் கேட்டபிறகுதான் அவங்களுக்கும் அந்த ஊர் ரசிக்கும்.

இதே கணக்கை உங்க ஊர், உங்க தேதி, உங்க ஆள் எண்ணிக்கைக்குப் போட்டுப் பாருங்க. வரி சேர்த்த மொத்தத் தொகை வந்த பிறகும் அந்த ஹோட்டல் பிடிச்சிருந்தால், சந்தோஷமா புக் பண்ணுங்க.